கொக்கரைக்குளத்து அட்சதை

ஊர் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு குளமும், ஒரு கோவிலும், ஒரு கல்யாண மண்டபமும், அடுத்த வீட்டு விவகாரத்துக்கு ஐந்து நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்ல ஆயிரம் வாயும் இருக்கத்தானே வேண்டும்; கொக்கரைக்குளத்தில் குளம் மட்டும்தான் வற்றிப்போயிருந்தது, மற்றதெல்லாம் குறைவில்லாமல் இருந்தது. அந்த ஊர்க்காரியான செண்பகவல்லியும் அவள் புருஷன் ஆவுடையப்பனும் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த மாவட்டத் தலைநகருக்குப் போய், குடும்பநல நீதிமன்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்று ஒரு மனுவைக் கொடுத்து, அதற்கு நம்பரும் விழுந்த ஒரு வியாழக்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்கு, நாலு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் கல்யாணத்தில் அட்சதை போட்டிருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேருடைய உள்ளங்கையிலும் மஞ்சள் அரிசி வந்து ஒட்டிக்கொண்டது.

வலியில்லை, அரிப்பில்லை, வீக்கமில்லை. முனை முறியாத பச்சரிசி, மஞ்சள் வாசனைகூடப் போகாமல், அன்றைக்கு எத்தனை போட்டார்களோ அத்தனை. பஸ் கண்டக்டருக்கு டிக்கெட் கிழிக்கும்போது வந்தது, டீச்சருக்குச் சாக்பீஸ் பிடிக்கும்போது வந்தது, மாவு பிசைந்துகொண்டிருந்தவளுக்கு மாவோடு மாவாக வந்து சப்பாத்திக்குள்ளேயும் போய்விட்டது. வெந்நீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, கத்தி முனையால் நெம்பி எடுத்தாலும், விருந்துக்கு வந்து திண்ணக்கமாக உட்கார்ந்துவிட்ட மாப்பிள்ளை மாதிரி மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே எண்ணிக்கையில் இருந்தது.

கொக்கரைக்குளத்துக்காரர்கள் ஆச்சரியப்படுவதில் நேரத்தை வீணாக்குகிறவர்கள் இல்லை. யார் மேல் பழியைப் போடலாம் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அன்று சாயந்திரம் கோர்ட்டுக்குப் போன இருவரும் ஒரே பஸ்ஸில் முன் வாசல் வழியாக ஒருத்தியும் பின் வாசல் வழியாக ஒருத்தனுமாக இறங்கியபோது, பஸ் நிலையத்தில் நின்ற அத்தனை பேரும் தங்கள் கையைப் பார்த்தார்கள், பிறகு வல்லியைப் பார்த்தார்கள். ஆவுடையப்பனை யாரும் பார்க்கவில்லை. பெண்ணைப் பார்த்தால் போதும் என்பது ஊரில் எழுதாத சட்டம்.

வல்லி கடைத்தெருவில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்குச் சர்க்கரை இருக்குமோ என்ற பயம், ஆக ஊர்க் கை முழுவதும் வாரத்துக்கு ஒருதரமாவது அவள் கைக்கு வந்து போகும். மறுநாள் காலையிலிருந்து அவள் விரலைப் பிடித்து ஊசி குத்திய கையிலெல்லாம் தன் கல்யாணத்து அரிசியைப் பார்த்தாள். ஒருத்தர் கையில் ஐந்து, ஒருத்தர் கையில் ஒன்பது. எல்லாரும் அவளிடம் கையை நீட்டிக்கொண்டே அவளைத் திட்டினார்கள். ரத்தம் எடுக்கிறவளைத் திட்டக்கூடாது என்ற புத்திகூட இல்லை.

ஆவுடையப்பன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், குரலைக்கூட உயர்த்த மாட்டான். அவனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'சரி'. கடைசியாக யார் பேசினார்களோ அவர்களுக்குச் சரி என்பான், அடுத்த ஆள் வந்து நேர்மாறாகச் சொன்னால் அதற்கும் சரி என்பான். இருசக்கர வாகன ஷோரூமில் அவனுக்கு நல்ல பெயர். வீட்டில் அவன் அம்மா பிரமநாயகி ஒரு வார்த்தை சொன்னால், அம்மாவின் தம்பி குத்தாலிங்கம் வந்து அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். எப்போதும் கடைசி வார்த்தை குத்தாலிங்க மாமாவுடையது. இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான்.

மூன்றாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, மூன்று மாதக் கர்ப்பத்தில் வல்லிக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். சரி என்றான். பிறகு மாமாவுக்குப் போன் போட்டான். இப்போது ராகுகாலம், ஒன்பது மணிக்கு மேல் கிளம்புங்கள் என்று மாமா சொன்னார். அதற்கும் சரி என்றான். வல்லி பதினைந்து நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து தனியாகப் போனாள். பிள்ளை தங்கவில்லை. முன்னாலேயே போயிருந்தாலும் தங்கியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார்; வல்லி அதை நம்பினாள். ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷம் அவளுக்குள் ஆறவேயில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் அப்பா வீட்டுக்குப் போனவள் பிறகு திரும்பவில்லை.

பதினான்கு மாதம் கழித்துத்தான் வக்கீல் எஸ்தரைப் பார்க்கப் போனாள். எஸ்தர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. வழி ரெண்டு என்றாள். ஒருத்தர் மட்டும் கேட்டு, கொடுமை, கைவிட்டுப் போனது என்று காரணம் சொல்லி, சாட்சி வைத்து நிரூபித்து, வாய்தா வாய்தாவாக நடந்து வாங்குவது ஒரு வழி. ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டு கேட்பது மற்ற வழி. அதற்குக் குறைந்தது ஒரு வருஷம் புருஷன் பெண்டாட்டியாக வாழாமல் இருந்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை, கல்யாணப் போட்டோ, விலாசத்துக்கும் ஆளுக்கும் அத்தாட்சி, இத்தனையும் சேர்த்து ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரே மனுவாகக் கொடுக்க வேண்டும். கல்யாணத்தை முறிக்கக் கல்யாணப் போட்டோ எதற்கு என்று வல்லி கேட்டாள். கட்டினதை நிரூபித்தால்தானே அவிழ்க்க முடியும் என்றாள் எஸ்தர்.

மனு கொடுத்த பிறகு ஆறு மாதம் அவகாசம். மனசு மாறுகிறதா என்று பார்க்கச் சட்டம் கொடுக்கிற தவணை அது. சில பேருக்குக் கோர்ட்டே அதைக் குறைத்தும் கொடுக்கும், ஆனால் அதை எதிர்பார்த்து உட்காரக்கூடாது. ஆறு மாதத்துக்கு மேல், பதினெட்டு மாதத்துக்குள், ரெண்டு பேரும் மறுபடி வந்து ஜட்ஜ் முன்னால் நிற்க வேண்டும். இது நீங்களாக எடுத்த முடிவா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்பார்கள். ரெண்டு பேரும் எங்கள் முடிவுதான் என்று சொன்னால் அன்றைக்கே தீர்ப்பு வரலாம்.

"அதுவரைக்கும் ஒருத்தர் மட்டும் எனக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டாலும் மனு அத்தோட போச்சு வல்லி. அப்புறம் அந்த இன்னொரு வழிதான்" என்றாள் எஸ்தர்.

அது எத்தனை நாள் ஆகும் என்று வல்லி கேட்டாள்.

"அந்த மாதிரிக் கேஸ் ஒண்ணு எம்மக பொறந்த வருஷம் எடுத்தேன். அவ இப்போ பத்தாவது படிக்கா. கேஸ் இன்னும் ஒண்ணாப்பு தாண்டல."

ஆக வல்லியின் மீதி வாழ்க்கை ஆவுடையப்பனின் ஒரு 'சரி'யில் தொங்கியது. முதல் சரியை வாங்குவதில் கஷ்டமில்லை. ஷோரூமுக்குப் பக்கத்து டீக்கடையில் அவனைத் தனியாகப் பிடித்து, மாமாவுக்குப் போன் போடுவதற்குள் எஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கி, அப்படியே கோர்ட்டிலும் கொண்டு நிறுத்திவிட்டாள். ஆறு மாதம் கழித்து வாங்க வேண்டிய இரண்டாவது சரிதான் கஷ்டம், ஏனென்றால் அந்த ஆறு மாதத்தில் அவனிடம் கடைசியாகப் பேச ஓர் ஊரே வரிசையில் நின்றது.

கொக்கரைக்குளத்துக்குத் தனியாக ஒரு சட்டம் இருந்தது. ஏழு வருஷம் பிரிந்திருந்தால் கல்யாணம் தானாக அறுந்துவிடும் என்று ஒருத்தன் சொன்னான். வக்கீல் நோட்டீஸ் கையில் கிடைத்த நிமிஷமே எல்லாம் முடிந்தது என்றான் இன்னொருத்தன். தாலியைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்துவிட்டால் கோர்ட்டு எதற்கு என்றாள் ஒருத்தி. குத்தாலிங்க மாமாவோ முத்திரைத்தாளில் எழுதி, மண்டப வராண்டாவில் நாலு பேர் கையெழுத்துப் போட்டால் அதுதான் உண்மையான தீர்ப்பு என்பார்; அப்படி அவர் தீர்த்துவைத்த மூன்று கல்யாணமும் சட்டப்படி இன்னும் உயிரோடு இருந்தது, அதில் ஒருத்தன் இரண்டாவது கல்யாணமும் செய்து இரண்டாவது மாமனார் கொடுத்த புகாரில் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தான். அதைச் சொன்னால் மாமா காதைக் குடைவார். கையில் ஒட்டிய அரிசிக்கும் ஊர் ஒரு சட்டம் கண்டுபிடித்தது: கோர்ட்டு மனுவைத் திரும்ப வாங்கினால் அரிசி உதிர்ந்துவிடும்.

அரிசியோடு வாழவும் அவர்கள் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்கள். சாப்பிடும்போது வலது கைக்குப் பாலிதீன் உறை போட்டார்கள், பாத்திரக்கடைக்காரன் அந்த உறையை வாசலில் தோரணமாகத் தொங்கவிட்டான். கோழிகள் மனிதர்களின் பின்னால் நடக்கப் பழகின. ஜோதிடனிடம் கையை நீட்டி உட்கார்ந்திருந்த ஒருவரின் ஆயுள் ரேகையை ஒரு சேவல் கொத்திவிட்டது. தோல் டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்தார், அதைத் தடவினால் அரிசி பளபளப்பானது. பிறகு ஊரில் நடந்த கல்யாணங்களில் அட்சதைத் தட்டு வந்தால் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள், தட்டு ஏந்தி வந்த பெண் சுற்றிச் சுற்றி வந்து அரிசியை அப்படியே திரும்பக் கொண்டுபோனாள். பையனுக்கு நிதானம் உண்டா, பெண்ணுக்குப் பொறுமை உண்டா என்று பார்க்காமல் ஆசீர்வாதம் பண்ணினால் இப்படித்தான் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். கட்டி வைக்கும்போது பார்க்காததை அறுக்கும்போது பார்க்கிற ஊர் அது.

எல்லார் கையிலும் அரிசி ஒட்டவில்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்களில் அறுபத்து மூன்று பேர் கை பளிச்சென்று இருந்தது. அதில் முதல் ஆள் குத்தாலிங்க மாமா. என் ஆசீர்வாதம் கெட்டுப்போகாத ஆசீர்வாதம், அதனால்தான் கடவுள் என் கையைத் தொடவில்லை என்று அவர் சொன்னார், ஊரும் ஆமாம் என்றது. அறுபத்து மூன்று பேரும் சேர்ந்து சுத்தக்கை சங்கம் என்று ஆரம்பித்து, அதற்கு மாமாவைத் தலைவராக்கினார்கள். சங்கத்துக்காரர்கள் வணக்கம் சொல்வதை விட்டுவிட்டு, ஆசீர்வாதம் பண்ணுகிற சாமி மாதிரி வலது உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அரிசிக் கைக்காரர்கள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

வல்லி இதையெல்லாம் பரிசோதனை நிலையத்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவளுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. மண்டபத்தில் பாத்திரம் கழுவும் மாடத்தியின் கையில் ஏழு அரிசி இருந்தது. பூக்காரி கையில் இருந்தது. வேன் டிரைவர் சுடலைமுத்து கையில் இருந்தது. இவர்களெல்லாம் என்ன பாவம் செய்தார்கள், மாமா என்ன புண்ணியம் செய்தார் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். கல்யாணத்தன்று அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் விழுந்த அரிசியைத்தான் பார்த்தாளே தவிர, அதைப் போட்ட கைகளை அவள் பார்க்கவில்லை.

ஐந்தாவது மாதம் மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டினால் பெண்ணுக்கு மனசு இளகிவிடும், ஆறு மாத அவகாசத்தைச் சட்டம் கொடுத்ததே அதற்குத்தானே என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மண்டபத்தில் திரை கட்டினார்கள். போகாவிட்டால் பயந்துவிட்டாள் என்பார்கள் என்று வல்லியும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் மாமாவுக்குப் பக்கத்தில் ஆவுடையப்பன் இருந்தான். ஊர் முழுவதும் வந்திருந்தது. வல்லியின் மனசு இளகுவதைப் பார்க்க யாரும் வரவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் தாங்கள் எப்படி இருந்தோம் என்று பார்க்க வந்திருந்தார்கள்.

முதல் அரைமணி நேரம் மண்டப வாசலும், சிமெண்ட் யானையும், வல்லியின் முகம் ஒரு தாமரைக்குள்ளிருந்து திரும்பத் திரும்ப முளைப்பதுமாகப் போனது. பிறகு கெட்டிமேளம் கொட்டியது. அந்த நேரம் பார்த்து போட்டோக்காரரின் முதுகு மணமக்களை மறைத்துவிட்டதால், வீடியோக்காரர் ஸ்டூலில் நின்றபடியே காமிராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பியிருந்தார். தாலி கட்டிய காட்சி வீடியோவில் இல்லவே இல்லை. ஒன்றரை நிமிஷம் வெறும் கைகள்தான் இருந்தன.

பிரமநாயகி இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள், போடும்போது உதடு அசைந்தது. சுடலைமுத்து ஸ்டீரியோவை நிறுத்திவிட்டு ஓடிவந்து வாசலிலிருந்தே எறிந்தான், அது முன்னால் இருந்தவர் வழுக்கையில் விழுந்தது. மாடத்திக்கு யாரும் தட்டு நீட்டவில்லை; அவள் அடுப்படிக் கதவோரம் குனிந்து, தரையில் சிந்திக் கிடந்ததைப் பொறுக்கி, ஊதி, போட்டாள். குத்தாலிங்க மாமா காதில் போனை வைத்துக்கொண்டு, மூடியிருந்த கையைக் கால் நடுவில் விரித்தார், அரிசி நாற்காலிக்கடியில் கொட்டியது, கையை நாற்காலி உறையில் துடைத்தார், மூன்றாவது முடிச்சு விழுவதற்குள் முதல் பந்திக்கு எழுந்துபோனார். அவர் பின்னாலேயே அரிசியை நழுவவிட்டு, சட்டைப்பையில் திணித்து, தாம்பூலப்பையில் போட்டு, ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். மாமாவையும் சேர்த்து அறுபத்து மூன்று பேர்.

திரும்பப் போடச் சொல்லி யாரோ கேட்டார்கள். திரும்பப் போட்டார்கள். மூன்றாவது தரம் போட்டபோது மாடத்தி, பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து ஈரக்கையோடு வந்து, "அப்போ போட்டவ கையிலதான் இருக்கு, போடாதவ கையில எங்க இருக்கும்?" என்று சாதாரணமாகச் சொன்னாள். மண்டபத்தில் ஒருத்தன் சிரித்தான். பிறகு கூரை அதிரச் சிரித்தார்கள். வல்லி சிரிக்கவில்லை. என்னைச் சேர்த்துவைக்க வந்தவன் நான் சேர்ந்ததைக்கூடப் பார்க்கவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆவுடையப்பன் திரும்பி மாமாவின் கையைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலையில் ஊர் தலைகீழாகிவிட்டது. நேற்றுவரை மறைத்த கைகள் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காத குறையாகத் தெருவில் நீண்டன. ஒன்பது அரிசிக்காரன் ஐந்து அரிசிக்காரனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். மண்டப முதலாளி, எனக்கு மட்டும் பதினொன்று என்று போர்டு எழுதி வைத்தார். அதைவிட வேடிக்கை, சுத்தக்கை சங்கத்து அறுபத்து மூன்று பேர் கையிலும் அரிசி முளைத்திருந்தது. தாமதமாக வந்த ஆசீர்வாதம் என்று அவர்கள் சொன்னார்கள்.

புதன்கிழமை மாமா வெறும்வயிற்றுச் சர்க்கரை பார்க்க வந்தார். உள்ளங்கை நிறைய அரிசி. வல்லி பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அவர் விரலைத் துடைத்தாள், அப்படியே கொஞ்சம் கீழேயும் துடைத்தாள். நாலு அரிசி பசையோடு பஞ்சில் வந்தது.

"வெரலக் கொஞ்சம் அமுக்கிப் பிடிங்க மாமா" என்றாள். பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டாள். மாமா சுவரில் இருந்த கொழுப்புப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து நேராக அவர் சைக்கிள் கடைக்குப் போய், டியூப் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் ஒரு டப்பா வாங்கியதைப் பூக்காரி பார்த்தாள்.

மானம் போனவன் சும்மா இருப்பானா? கோர்ட்டுத் தேதி நெருங்க நெருங்க மாமா அக்கா வீட்டிலேயே கூடாரம் போட்டார். மனுவை முறித்துக் காட்டினால்தான் ஊர் சிரிப்பு அடங்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதில் வல்லிமேலும் அக்கறை கிடையாது, ஆவுடையப்பன்மேலும் கிடையாது. கோர்ட்டுக்கு இரண்டு நாள் முன்னால் பிரமநாயகி பரிசோதனை நிலையத்துக்கு வந்தாள். இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தாள். இடம் தெரியாமல் மஞ்சள் அரிசி. ஆறு மாதமாக அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் சமைத்தாள், துவைத்தாள்.

"இஷ்டமில்லன்னு சொல்லுன்னு அவங்க மாமா சொல்லிட்டான். இவனும் சரின்னுட்டான்" என்றாள்.

வல்லி எடுத்த ஊசியைத் திரும்பத் தட்டில் வைத்தாள். எல்லாம் போச்சு என்று நினைத்தாள், எஸ்தர் மகள் காலேஜ் போகிறவரைக்கும் இந்தக் கோர்ட்டுப் படியில்தான் என்று நினைத்தாள். அத்தையும் சேர்ந்து கெஞ்சத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, "நீங்களும் மனுவை வாங்கிக்கச் சொல்லுதியளா அத்தை?" என்று கேட்டாள்.

பிரமநாயகி தன் கையையே பார்த்தாள். "ரெண்டு கையாலயும் போட்டேன் வல்லி. நீ நல்லா இருக்கணும்னு சொல்லிப் போட்டேன். அவங்கூடத்தான் நல்லா இருக்கணும்னு நான் சொல்லலியே."

வல்லிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அத்தையின் விரலில் ஊசி குத்தினாள், சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

கோர்ட்டுக்கு மாமா சுடலைமுத்துவின் வேனை எடுத்து, சங்கத்தில் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வராந்தாவில் பன்னிரண்டு கையும் பன்னிரண்டு பிடி அரிசியோடு காற்றாடிக்கொண்டிருந்தன. மனுதாரர் பெயரைக் கூப்பிட்டபோது மாமா ஆவுடையப்பனின் காதோடு குனிந்து, "இஷ்டமில்லன்னு மட்டும் சொல்லுல, போதும்" என்றார். அவன் சரி மாமா என்றான். மனுதாரர்களும் வக்கீலும் மட்டும் உள்ளே வாருங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

கதவிலிருந்து ஜட்ஜம்மாவின் மேசைக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். அந்தப் பன்னிரண்டு அடிதான் நாலு வருஷத்தில் முதல்முறையாக ஆவுடையப்பனிடம் கடைசியாகப் பேச வல்லிக்குக் கிடைத்த இடம். சரின்னு சொல்லுங்க என்று ஒரு வார்த்தை போதும், சொல்லிவிடுவான். இரண்டு நாளாக அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவன் பக்கத்தில் நடந்து வரும்போது, சாவி கொடுத்த பொம்மையை இன்னொரு பக்கம் திருப்பி விடுவதற்கா இத்தனை பாடு என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

ஜட்ஜம்மா முதலில் அவளைக் கேட்டார். ஆமாம், என் முடிவுதான் என்றாள். பிறகு அவனைக் கேட்டார், "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா? பிரியணும்ங்கறது நீங்களா எடுத்த முடிவா?"

அவன் கதவைப் பார்த்தான், சாத்தியிருந்தது. எஸ்தரைப் பார்த்தான், அவள் பேப்பரைப் பார்த்தாள். வல்லியின் முகத்தைப் பார்த்தான்.

"என்னப் பாக்காதீங்க. இங்க யாருக்கும் போன் போட முடியாது" என்றாள் வல்லி.

மின்விசிறி சுற்றியது. தட்டச்சுக்காரர் விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். ஆவுடையப்பன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"அன்னைக்கு ராகுகாலம்னு பாக்காம நான் இவளக் கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றான்.

ஜட்ஜம்மா கேட்டது அது இல்லை. கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார், கேள்வியைத் திரும்பக் கேட்டார்.

"என் முடிவுதாம்மா. நானாத்தான் சொல்லுதேன். எனக்குப் பிரிய இஷ்டம்" என்றான். முந்தினதோடு நாலு வாக்கியம். அவன் ஆயுசில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் சொன்ன முதல் நாலு வாக்கியம்.

வல்லிக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு தூரம் பேசத் தெரிந்தவன் அந்தத் திங்கட்கிழமை எங்கே போயிருந்தான்? ஆனாலும் எரிச்சலுக்கு அடியில், ஆறாமல் கிடந்த அந்தப் பதினைந்து நிமிஷம் மெல்ல அடங்குவது தெரிந்தது. மனு அனுமதிக்கப்படுகிறது, திருமணம் ரத்தாகிறது என்று ஜட்ஜம்மா சொல்லச் சொல்லத் தட்டச்சுக்காரர் அடித்தார். மணி பன்னிரண்டு பத்து.

அந்த நிமிஷம் கொக்கரைக்குளத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையிலிருந்தும் அரிசி உதிர்ந்தது. கல்லாப்பெட்டியிலும், கரும்பலகைக்குக் கீழேயும், பஸ் படிக்கட்டிலும் உதிர்ந்தது, கோழிகளுக்கு அன்று தீபாவளி. மண்டப முதலாளி போர்டைக் கழற்றினார். அடுப்படியில் நின்ற பிரமநாயகி மடியை விரித்துப் பிடித்து ஒன்றுவிடாமல் வாங்கி, கொல்லைப்பக்கம் போய்க் குருவிக்குப் போட்டாள். கோர்ட்டு வாசலில் வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த சுடலைமுத்து கையைப் பார்த்தான், ஸ்டீரிங்கில் கிடந்த ஐந்து அரிசியைத் தட்டிவிட்டான், மறுபடி தூங்கிப்போனான்.

வல்லி வெளியே வந்தபோது வராந்தாவில் குத்தாலிங்க மாமாவும் பன்னிரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் கை அரிசியும் உதிர்ந்துவிட்டது என்று ஊரிலிருந்து அவர்களுக்குப் போன் வந்திருந்தது. அத்தனை பேரும் கையை வேட்டியில் தேய்த்தார்கள், நகத்தால் சுரண்டினார்கள், தூணில் உரசினார்கள். பஞ்சர் கடைச் சொல்யூஷன் நல்ல சொல்யூஷன். லாரி டியூப்பையே தாங்குவது, ஒரு அரிசிகூட அசையவில்லை. உலகத்தில் அந்த நிமிஷம் வல்லியின் கல்யாணத்து அட்சதை மிச்சமிருந்த கைகள் அதை ஒருநாளும் போடாத கைகள்தான்.

இந்தச் சங்கதி ஒன்றும் தெரியாத கோர்ட்டு சிப்பந்தி ஒருவர் கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனார். மாமாவின் கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"சாப்பிட்டுட்டுக் கையக்கூடக் கழுவாம வந்து நிக்கீங்களே பெரியவரே. கொழாய் அந்தப் பக்கம் இருக்கு, போங்க."

மாமா குழாயடிக்குப் போனார், பன்னிரண்டு பேரும் வரிசையாகப் பின்னால் போனார்கள். வல்லிக்கு மத்தியான ஷிப்ட் இருந்தது. ஒன்றேகால் பஸ்ஸைப் பிடிக்க அவள் வேகமாக நடந்தாள்.